கை தட்டாதீங்க

என் அம்மா "பிரேக்!" என்று கத்தினால் பக்கத்துத் தெருவில் போகிற வண்டியும் நிற்கும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மாமா நடத்தும் டிரைவிங் ஸ்கூலில் பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவள் அவள். பயிற்சி வண்டியில் பக்கத்து சீட்டுக்குக் கீழேயும் ஒரு பிரேக் உண்டு. அதை அவள் லேசில் தொடமாட்டாள். "நான் மிதிச்சா வண்டிதான் நிக்கும். நான் கத்தினாத்தான் அவளுக்குப் புத்தி வரும்" என்பாள். ஒரு கை ஸ்டியரிங்கைப் பிடித்து இழுக்கத் தயாராக இருக்கும், இன்னொரு கை ஹேண்ட்பிரேக் மேல். வாய் ஓயவே ஓயாது. அவளிடம் அழுதுகொண்டே கற்றுக்கொண்டவர்கள், பிறகு தங்கள் மகள்களையும் அவளிடமே கூட்டிவந்தார்கள்.

அந்த அம்மாவின் குரல்வளையைத்தான் எடுத்துவிட்டார்கள். புற்றுநோய். எடுக்காவிட்டால் ஆளே மிஞ்சமாட்டாள் என்றார்கள். எடுத்தார்கள், ஆள் இருக்கிறாள். அதில் நான் யாரையும் குறை சொல்லவில்லை. இப்போது கழுத்தில் ஒரு துளை, மூச்சு அது வழியாகப் போய் வருகிறது. வாய் அசைகிறது, சத்தம் இல்லை. கோபம் மட்டும் பழையபடி அப்படியே இருக்கிறது. ஒருத்தி வாய் நிறையத் திட்டுகிறாள், ஒன்றுமே காதில் விழவில்லை என்றால் எப்படி இருக்கும்?

குரல்வளை இல்லாதவர்கள் பேச ஒரு மெஷின் இருக்கிறது. கழுத்தில் வைத்து அழுத்தினால் வண்டு மாதிரி ரீங்காரம் செய்யும், வாயசைப்பு அந்த ரீங்காரத்தில் வார்த்தையாகும். அம்மா அதை ஒரே நாளில் தூக்கிப் போட்டாள். அதைப் பிடிக்க ஒரு கை வேண்டுமே, வண்டியில் அவளுக்கு ஏது மூன்றாவது கை? இன்னொரு வழி, காற்றை விழுங்கி, அதை ஏப்பம் மாதிரி மேலே தள்ளி, அந்த ஏப்பத்தில் பேசுவது. கை தேவையில்லை. ஆனால் உயிரை எடுக்கும் பயிற்சி. மாதக்கணக்கில் ஆகும். அதைச் சொல்லிக்கொடுக்க ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு பெண்மணி இருந்தார். பேச்சுப் பயிற்சியாளர் என்று கதவில் எழுதியிருந்தது. நோயாளிகள் வைத்த பெயர் ஏப்ப டீச்சர்.

மாமா, அம்மாவுக்குத் தம்பி, நல்லவர்தான். ஆனால் தொழிலில் கறார். "அக்கா, உன் சீட்டு உனக்குத்தான். கையை எடுக்காம 'பிரேக்'னு சொல்லிக் காட்டு, அடுத்த நாளே வண்டியில ஏறு. ஆனா ரொம்ப நாள் என்னால தாங்க முடியாதுக்கா. கத்துக்க வந்தவங்க காத்துக்கிட்டு இருக்காங்க. வேற ஆளைப் போட்டுட்டா அப்புறம் அவளைப் போன்னு சொல்ல எனக்கு மனசு வராது" என்றார். அம்மா அவர் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு, மறுநாளே ஏப்ப டீச்சரிடம் போய் உட்கார்ந்தாள்.

இந்த இடத்தில்தான் நான் வந்து சேர்ந்தேன், படிப்பும் கையுமாக.

பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்த நான், கலை, உடல்நலம், நலவாழ்வு என்று ஒரு முதுகலைப் படிப்பில் சேர்ந்திருந்தேன். கடைசி வருடம் சுயமாகச் செய்யும் ப்ராஜெக்ட். அதாவது தலைப்பையும் நீயே பிடி, ஆட்களையும் நீயே பிடி, செய்ததையும் நீயே எழுது, கடைசியில் உன்னைப் பற்றியும் நீயே சிந்தித்து ஒரு அத்தியாயம் எழுது. கைடு மேடம் மேற்பார்வை பார்ப்பார். மேற்பார்வை என்றால், "உன் மனசு என்ன சொல்லுது, அதைக் கேளு மா" என்று போனில் சொல்வார். என் மனசு அம்மாவைச் சொன்னது. குரல்வளை எடுத்தவர்களை வைத்து ஒரு கோரஸ். கேட்டதும் மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் வேறு இடம் இல்லை. ஏப்ப டீச்சரே தன் அறையில் செவ்வாயும் வெள்ளியும் எனக்கு விட்டுக்கொடுத்தார். "அவங்களும் கொஞ்சம் சிரிக்கட்டுமே" என்றார். வாரத்தில் அந்த அறை நோயாளிகளுக்குத் திறந்திருந்ததே மூன்று நாள். அதில் இரண்டை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று எனக்கு உறைக்கவே இல்லை. மிச்சம் இருந்த ஒரு நாளில் அவர் புது நோயாளிகளைப் பார்த்தார்.

அம்மாவோடு சேர்த்து ஏழு பேர். கோரஸ் நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்லமாட்டேன். மெஷின் வைத்திருந்தவர்களின் ரீங்காரத்தைச் சுருதியாக வைத்தேன். மார்க்கெட்டில் ஏலம் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் இருந்தார், எல்லோருக்கும் அவர் ஏலக்காரர். அவர் மெஷின்தான் இருப்பதிலேயே பெரிய வண்டு. அவர் ஆரம்பித்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும். மெஷின் இல்லாதவர்கள் மேஜையில் தாளம் போட்டு, வாயசைத்து, வருகிற காற்றைச் சேர்த்துவிடுவார்கள். எல்லாம் சேர்ந்து அந்தச் சின்ன அறையே பாடுவதாகத் தோன்றும். அம்மா முன்வரிசையில் நிற்பாள். நான் கையை ஆட்டினால் அவள் வாயைப் பெரிதாகத் திறப்பாள், கழுத்து நரம்பு புடைக்கும். அம்மாவுக்குச் சத்தம் வந்துகொண்டிருக்கிறது என்றே நம்பினேன். வகுப்புக்கு முன்னும் பின்னும் ஒரு தாள் கொடுப்பேன். அழுகிற முகத்திலிருந்து சிரிக்கிற முகம்வரை வரிசையாகப் படங்கள், இப்போது எப்படி இருக்கிறீர்கள் என்று டிக் போடவேண்டும். எல்லோரும், ஒவ்வொரு தடவையும், முடிந்ததும் சிரிக்கிற முகத்தில் போட்டார்கள். ஒரு ஆள் விடாமல்.

"இப்படி ஒரு ரிசல்ட்டை நான் பார்த்ததே இல்ல மா!" என்றார் கைடு மேடம். உச்சி குளிர்ந்துபோய், அதை ரிப்போர்ட்டாக எழுதி ஆஸ்பத்திரி டைரக்டருக்கும் ஒரு பிரதி கொடுத்தேன். எந்த வகுப்பில் எல்லோரும் ஒரே மாதிரி பதில் எழுதினாலும் காப்பி அடித்தார்கள் என்று பிடிக்கிறவள் நான். எனக்கே கண் அவிந்துபோயிற்று.

கடைசி விளக்கக்கூட்டத்துக்கு முந்தின வாரம், தாள்களை எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஏப்ப டீச்சர் அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தார். முகம் பார்க்கும் கண்ணாடிகள், தொண்டைப் பொம்மை, ஸ்ட்ரா பாக்கெட்டுகள் எல்லாம் அட்டைப்பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தன.

"என்ன டீச்சர், வெள்ளையடிக்கப் போறாங்களா?"

"இல்லைம்மா. என்னைத்தான் துடைக்கிறாங்க." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "மாசக் கடைசியோட என் வேலை இல்லை. ரூமை உங்க பாட்டுக்கே கொடுக்கறாங்க. கலை நலவாழ்வு அறையாம்."

"யார் சொன்னா? எதுக்கு?"

"டைரக்டர்தான். என்கிட்ட ஆள் வரதே குறைஞ்சுபோச்சாம். உங்க கோரஸுக்கு ஒருத்தர் விடாம வராங்களாம், சந்தோஷமா போறாங்களாம். உங்க ரிப்போர்ட்டைக் காட்டித்தான் சொன்னார். கலை செய்யற வேலைக்குத் தனியா ஒரு சம்பளம் எதுக்குன்னு." பெட்டியை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "உங்களைச் சொல்லலைம்மா. நீங்க நல்லாத்தான் செஞ்சீங்க."

அந்தக் கடைசி வார்த்தைக்குப் பதில் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

வாசலில் நின்றே கைடு மேடத்துக்குப் போன் போட்டேன். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "ரொம்ப முக்கியமான முரண்பாடு மா இது. இதை ரெஃப்ளெக்ஷன் அத்தியாயத்துல போடு. அழகா இருக்கும்" என்றார்.

"அழகா இருக்குமா? ஒருத்தங்க வேலை போகுது மேடம்! எங்கம்மாவுக்குப் பேச்சு போகுது!"

"கோபம் இயல்பு மா. அதையும் எழுது. ஆனா கூட்டத்துல இதைக் கிளப்பாதே. ஆஸ்பத்திரி நமக்கு இடம் கொடுத்தவங்க. ப்ராஜெக்ட் படுத்துடும், அப்புறம் ஒரு வருஷம் வீணாப் போகும்."

போனை வைத்தேன். வாயில் வந்ததையெல்லாம் ஆஸ்பத்திரிச் சுவரைப் பார்த்துச் சொன்னேன். காவலாளி எழுந்து நின்றுகொண்டார்.

வீட்டுக்குள் நுழையும்போதே கத்திக்கொண்டு நுழைந்தேன். அம்மா சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். முழுதாகக் கேட்டாள். கையிலிருந்த கரண்டியைத் தொட்டியில் ஓங்கிப் போட்டாள், அவளுடைய "ச்சே" இப்போது அதுதான். ஈரக்கையைத் துடைத்துவிட்டு என் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். அவள் உதட்டைப் படிக்க எனக்கு இப்போது நன்றாக வரும்.

"நான் பாடவே இல்லைடி" என்றாள்.

"என்ன?"

"வாயைத்தான் அசைச்சேன். ஒரு நாள்கூட சத்தம் வரலை. அந்த ஏலக்காரன் மெஷின் போடற இரைச்சல்ல உனக்கு என்ன தெரியும்?"

"அப்புறம் அந்தச் சிரிக்கிற முகம்? ஒவ்வொரு தடவையும் டிக் போட்டியே!"

"பின்ன? அழற முகத்துல போட்டு உன் பரீட்சையைக் கெடுக்கச் சொல்றியா? நான்தான் எல்லாருக்கும் சொன்னேன், பாப்பா பாஸாகணும், சிரிக்கிறதுல போடுங்கன்னு. ஏலக்காரன் ரெண்டு டிக் போடட்டுமான்னு கேட்டான்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அவளை உலுக்கவேண்டும் போலவும் வந்தது. டீச்சரிடம் போகவேண்டிய செவ்வாயும் வெள்ளியும் என் கோரஸுக்கு வந்து, எனக்காக வாயைத் திறந்து மூடி, எனக்காக டிக் போட்டு, தன் பேச்சைத் தானே பறிகொடுத்திருக்கிறாள். இவள் மட்டுமில்லை, ஏழு பேரும். அத்தனை பாசத்தையும் கூட்டிப் போட்டு, அதுதான் ரிசல்ட் என்று பெருமையாக எழுதிக் கொடுத்தவள் நான்.

"ஏம்மா இப்படிப் பண்ணினே? மாமா எத்தனை நாள் காத்திருப்பாரு? உனக்கு வண்டி வேணாமா?"

அம்மாவின் முகம் சட்டென்று வாடிவிட்டது. "வேணும்டி" என்றாள். "ராத்திரி தூக்கத்துலகூட 'பிரேக் பிரேக்'னு கத்தறேன். எழுந்தா வாய்தான் வலிக்குது."

நான் அழுதேன். அவள் அழவில்லை. கரண்டியைத் தொட்டியிலிருந்து எடுத்து இன்னொரு தடவை துலக்கினாள். பிறகு என் பக்கம் திரும்பி, நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக வாயசைத்தாள். "கூட்டத்துல மத்தவங்களை நிறுத்திட்டு, என்னைத் தனியா பாடச் சொல்லு."

"அத்தனை பேர் முன்னாடியா? வேணாம்மா."

"எனக்கு என்ன வெக்கம்? நடு ரோட்டுல கத்தினவ நான். கேக்கட்டும். என்கிட்ட என்ன இருக்குன்னு எல்லாரும் நல்லாக் கேக்கட்டும்."

கூட்டம் ஆஸ்பத்திரியின் பெரிய ஹாலில் நடந்தது. மேடைக்குப் பின்னால் 'கலையே மருந்து' என்று துணி கட்டியிருந்தார்கள். முன்வரிசையில் டைரக்டர், கைடு மேடம், மதிப்பெண் போட வந்தவர்கள். மாமா ஒரு ஓரமாக, வண்டிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசி வரிசையில் ஏப்ப டீச்சர். அறைச் சாவியை ஒப்படைக்க அன்றைக்குத்தான் வரச் சொல்லியிருந்தார்கள். என்ன ஒரு நேரம் பார்த்திருக்கிறார்கள்!

டைரக்டர் மைக்கைப் பிடித்தார். "பல வருஷமா நாம செய்ய முடியாததை, இந்தப் பொண்ணு சில மாசத்துல செஞ்சு காட்டியிருக்கு. இங்க நிக்கிற ஒவ்வொருத்தரும் இன்னைக்குச் சந்தோஷமா இருக்காங்க. இனிமே பயிற்சி, கியிற்சின்னு அவங்களைக் கஷ்டப்படுத்த வேண்டியதில்லை. பாட்டு போதும்!" கை தட்டினார்கள். ஏலக்காரர் தன் மெஷினைக் கழுத்தில் வைத்து ஏதோ சொல்லப் போனார், அம்மா அவர் கையைப் பிடித்து இறக்கினாள்.

நான் கையை உயர்த்தினேன். கோரஸ் ஆரம்பித்தது. ஒரு வரி முடிந்ததும் கையைக் கீழே இறக்கினேன். மெஷின்கள் ஒவ்வொன்றாக அடங்கின. அம்மா ஓர் அடி முன்னால் வந்தாள். நான் அவளுக்கு மட்டும் கையை அசைத்தேன்.

அம்மா பாடினாள். வாய் திறந்தது, மூடியது, கழுத்து நரம்பு புடைத்தது, நெஞ்சு ஏறி இறங்கியது. ஹாலில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அவள் பாட்டை முழுதாகப் பாடினாள், ஒரு வரிகூட விடவில்லை. மாமா சாவி சுற்றுவதை நிறுத்திவிட்டார்.

முடிந்தது. எல்லோருக்கும் புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

டைரக்டர் எழுந்தார். "அற்புதம்!" என்றார். கை தட்டினார். கைடு மேடம் எழுந்தார். மதிப்பெண் போட வந்தவர்கள் எழுந்தார்கள். ஹால் முழுக்க எழுந்து நின்று தட்டியது. கூட்டத்தில் ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மௌனத்தையே பாட்டாக்கிட்டா பாருங்க!" என்று கைடு மேடம் பக்கத்தில் இருப்பவரிடம் சொன்னது எனக்கு மேடைவரை கேட்டது.

எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"கை தட்டாதீங்க!" என்றேன். மைக் இல்லாமல்தான் கத்தினேன். அம்மாவின் மகள்தானே நான், கூரைவரை போயிற்று. "யாராவது இன்னொரு தடவை தட்டினீங்கன்னா நடக்கறதே வேற! என்ன கலை? எங்க இருக்கு கலை? இது எங்கம்மா. சத்தம் வரலை. வந்ததே இல்லை. இத்தனை மாசமா எனக்காக வாயை அசைச்சிருக்கா. நான் அதைப் பாட்டுன்னு எழுதினேன், நீங்க அதை மருந்துன்னு துணியில எழுதி மாட்டியிருக்கீங்க!"

"மா, இறங்கி வந்து உட்காரு" என்றார் கைடு மேடம், பல்லைக் கடித்துக்கொண்டு.

"உட்கார மாட்டேன் மேடம். அந்தச் சிரிக்கிற முகமெல்லாம் பொய். நான் பாஸாகணும்னு ஏழு பேரும் பேசி வெச்சுப் போட்டது. கேளுங்க அவங்களை!"

ஏலக்காரர் மெஷினைக் கழுத்தில் வைத்தார். "ஆ-மாம்" என்றது வண்டு. "ரெண்-டு டிக் போட-றேன்-னேன். விட-லை." யாரோ சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்.

"பாட்டு நல்லதுதான் சார்" என்று டைரக்டரைப் பார்த்துச் சொன்னேன். "நான் இனிமேலும் சொல்லிக்கொடுப்பேன், மரத்தடியில வெச்சாவது சொல்லிக்கொடுப்பேன். ஆனா பாட்டுப் பாடி எங்கம்மாவால ஒரு வண்டியை நிறுத்த முடியாது. அதுக்கு அந்த ரூம் வேணும், அந்த டீச்சர் வேணும். என் ரிப்போர்ட்டைக் காட்டித்தானே அவங்களை அனுப்பறீங்க? அந்த ரிப்போர்ட்டை இப்பவே வாபஸ் வாங்கறேன். என்னை ஃபெயில் போடுங்க. போடுங்க சார்!"

"இதையெல்லாம் உட்கார்ந்து பேசலாம்மா" என்றார் டைரக்டர். மைக்கை அணைத்துவிட்டார்.

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஏப்ப டீச்சர் எழுந்து நடந்து வந்தார். டைரக்டரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. நேரே அம்மா முன்னால் வந்து நின்று, அறைக்குள் நிற்பதுபோலவே சாதாரணமாக, "அக்கா, தோளை இறக்குங்க. வாயை மூடி காத்தை உள்ள தள்ளுங்க. முழுங்குங்க. இப்ப விடுங்க" என்றார்.

அம்மா விழுங்கினாள். ஒன்றும் வரவில்லை.

"அவசரம் இல்லை. மறுபடியும்."

விழுங்கினாள். தொண்டைக்குள் ஏதோ புரண்டது. பிறகு, அத்தனை பெரிய மனிதர்கள் முன்னால், என் அம்மா ஏப்பம் விட்டாள். கரகரவென்று, அசிங்கமாக, சாப்பாட்டு மேஜையில் விட்டால் முகம் சுளிக்கிற ஏப்பம். அந்த ஏப்பத்துக்குள் உதட்டை ஒட்டிப் பிரித்தாள்.

"பி... ரே..."

காற்று தீர்ந்துபோயிற்று. அவ்வளவுதான்.

ஒருவரும் கை தட்டவில்லை. முன்வரிசையில் ஒருவர் தரையைப் பார்த்தார். மாமா எழுந்து நின்றார், வலது கால் தானாகத் தரையை மிதித்திருந்தது. "அக்கா" என்றார்.

டைரக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஏப்ப டீச்சரிடம் கையை நீட்டினார். "அந்த ரூம் சாவியைக் கொடுத்துடுங்க மேடம், மத்ததை ஆபீஸ்ல பேசிக்கலாம்."

டீச்சர் பையிலிருந்து சாவியை எடுத்தார். அம்மா அதை அவர் விரலிலிருந்து பிடுங்கினாள். ஓடுகிற வண்டியில் ஸ்டியரிங்கை இழுக்கும் அதே வேகம். தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடிவிட்டு, டைரக்டரைப் பார்த்து வாயசைத்தாள். அவருக்குப் புரியவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன சொல்றாங்க?"

"இன்னும் 'க்' வரலையாம்" என்றேன். "வந்ததும் தராங்களாம்."